நாலாம் பெட்டி ஏன் வாய்விட்டுச் சொல்கிறது

இருபத்தெட்டு வயதில் ஓய்வு பெறுகிறேன். சிரிக்க வேண்டாம். ஐந்து வருடமாக நான் பார்த்துக்கொண்ட பெட்டியை உங்கள் மூன்று பேரிடமும் ஒப்படைத்துவிட்டு, திங்கட்கிழமை முதல் வேறு குழுவுக்குப் போகிறேன். என் பழைய மேசைக்கும் புது மேசைக்கும் நடுவே பன்னிரண்டு அடி தூரம், ஒரு தண்ணீர் கேன். ஆனாலும் ஓய்வு ஓய்வுதான். அப்போதிருந்தே என்னோடு பீன்யாவுக்கு வரும் இம்ரான் கேக் சொல்லியிருக்கிறான். ஓய்வு பெற்றவர்கள் செய்யும் முதல் வேலையை நானும் செய்கிறேன்: யாரும் கேட்காமலே அனுபவம் சொல்கிறேன்.

யாரும் கேட்காமல் என்பது முழு உண்மை இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நீங்கள் மூவரும், தனித்தனியாக வந்து, ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். "வினோ, பெட்டிய ஆன் பண்ணினா அது எதுக்கு அஞ்சு வரி எழுதிக் காட்டிட்டு, யாராவது பட்டனை அழுத்துற வரைக்கும் சும்மா நிக்குது? அத எடுத்துடலாமா?" உங்களில் ஒருவர் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே தன் நிரல் பிரதியிலிருந்து அதை எடுத்தும் விட்டார். பெயர் சொல்ல மாட்டேன். அந்த வேகம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அதே வேகத்தில்தான் நான் ஒரு பெண்ணின் வேலையைப் பறிக்கப் பார்த்தேன். அதனால் உட்காருங்கள். கேக் வர இன்னும் நேரம் இருக்கிறது.

பெட்டி இருக்கும் இடத்தை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை. பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலை. டிராக்டர் கியர்களை உலையில் வைத்துச் சூடாக்கிக் கடினமாக்குகிறார்கள். ஆறு உலைகள். ஒவ்வோர் உலைக்குப் பக்கத்திலும் டிபன் டப்பா அளவில் நம் பெட்டி ஒன்று. ஐந்து விநாடிக்கு ஒரு தடவை உலையின் வெப்பத்தை அளந்து, உள்ளே இருக்கும் எஸ்க்யூஎல் டேட்டாபேஸில் ஒரு வரி எழுதும். சர்வர் கிடையாது. டேட்டாபேஸ் முழுவதும் ஒரே ஒரு கோப்பு. நம் நிரலோடு ஒட்டிக்கொண்டு அதற்குள்ளேயே ஓடும். ஒரு நாளைக்கு ஒரு கோப்பு. சாயங்காலம் சூப்பர்வைசர் பென்டிரைவைச் செருகிப் பச்சைப் பொத்தானை அழுத்தினால் அன்றைய கோப்பு அதில் ஏறும். தரக்கட்டுப்பாட்டு அறையில் அது தாளில் ஒரு கோடாக அச்சாகும். இந்தக் கியர்கள் சொன்ன நேரம் முழுவதும் சொன்ன சூட்டில் இருந்தன என்பதற்கு அந்தக் கோடுதான் சாட்சி. கோட்டுக்குக் கீழே சூப்பர்வைசரின் கையெழுத்து.

"ஏன் சர்வர் வைக்கலை?" என்று நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். வைத்துப் பார்த்தோம். உலைப் பக்கம் இழுத்த நெட்வொர்க் கேபிள் இரண்டாவது வாரத்தில் முறுக்கு மாதிரி சுருண்டுவிட்டது. தனித்தனியாக நிற்கும் பெட்டி, தனக்குள்ளே ஒரு சின்ன டேட்டாபேஸ், கையில் எடுத்துப் போக ஒரு கோப்பு. அந்த முடிவுக்கு இன்றும் நான் கையெழுத்துப் போடுவேன். சிக்கல் டேட்டாபேஸில் இல்லை. 'ஒரே ஒரு கோப்பு' என்று நான் ஊரெல்லாம் பெருமையடித்ததில் இருந்தது.

நாலாம் உலையின் சூப்பர்வைசர் ஸ்டெல்லாக்கா. கோலார் தங்கவயலில் வீடு. தினமும் விடியற்காலை ரயிலேறி வந்து, சாயங்காலம் ரயிலேறித் திரும்புகிறவர். அந்தத் தொழிற்சாலையில் உலை நடத்தும் முதல் பெண். என்னைவிடப் பத்து வயது பெரியவர். என்னைவிட மூன்று மடங்கு சத்தம். முதல் நாள் நான் அவர் பகுதிக்குள் போய், இருட்டாக இருக்கிறதே என்று சுவரில் இருந்த ஒரு சுவிட்சைத் தொட்டேன்.

"ஏய்! கைய எடு!"

எடுத்தேன். பையும் கீழே விழுந்தது.

"இன்னா ஓடப்போவுது, சொல்லு."

"லைட்... எரியும்னு நெனைக்கிறேன்க்கா."

"நெனைச்சிக்கினுலாம் இங்க ஸ்விட்ச் போடக்கூடாதும்மா. இது கேஸ் அடுப்பு. உள்ள கேஸ் தங்கியிருக்கறப்ப யாராவது நெனைச்சிக்கினு ஒண்ணப் போட்டா, அப்புறம் நம்மள கூரை மேலதான் தேடணும். இங்க எந்த ஸ்விட்ச் போட்டாலும் மொதல்ல இன்னா ஓடும், அடுத்தது இன்னா ஓடும்னு வாய விட்டுச் சொல்லணும். கூட இருக்கறவங்க கேக்கணும். அப்புறம்தான் கை."

அது அவர் பகுதியின் சட்டம். மின்விசிறிக்கும் அதேதான். இம்ரான் பின்னாலிருந்து, "அக்கா, நான் மூச்சு விடப்போறேன், மொதல்ல உள்ள போவும், அப்புறம் வெளிய வரும்" என்றான். அன்றிலிருந்து அவன் ஸ்டெல்லாக்காவுக்குச் செல்லம். நான் 'கம்ப்யூட்டரம்மா'. பாராட்டு இல்லை என்று குரலிலேயே தெரியும்.

ஒரு நாள் அவரிடமிருந்து போன்.

"கம்ப்யூட்டரம்மா, உன் பெட்டி பூட்டியிருக்குன்னு எழுதிக் காட்டுது. சாவி எங்க வச்சே?"

உங்களுக்கும் ஒரு நாள் வரும் அந்தச் செய்தி. ஒருவர் டேட்டாபேஸைப் படித்துக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் எழுத வந்தால், எழுத வந்தவருக்குக் கதவு திறக்காது. இணையத்தில் தேடினேன். ஒரே வரி மாற்றினால் போதும், எழுதுவது ஒரு பக்கம், படிப்பது ஒரு பக்கம், சண்டையே வராது என்று இருந்தது. மாற்றினேன். பூட்டுப் பிரச்சினை போயே போய்விட்டது. அந்த இணையப் பக்கத்தில் முதல் பத்தியை மட்டும் படித்தேன் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

மீதிப் பத்திகளில் இருந்தது இதுதான். பள்ளிக்கூடத்தில் நாமெல்லாம் ரஃப் நோட்டில் எழுதி, பிறகு ஃபேர் நோட்டில் ஏற்றினோம் இல்லையா? அந்த ஒரு வரி மாற்றத்துக்குப் பின் டேட்டாபேஸும் அப்படித்தான் நடக்கும். புது வரிகளை முதலில் ஒரு துணைக் கோப்பில் எழுதும். அது ரஃப் நோட்டு. அவ்வப்போது அவற்றைத் தாய்க் கோப்புக்கு மாற்றும். அது ஃபேர் நோட்டு. ஆக, இனி டேட்டாபேஸ் என்பது ஒரு கோப்பு இல்லை. ஆனால் என் பச்சைப் பொத்தான் ஃபேர் நோட்டை மட்டும்தான் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டிருந்தது.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஃபேர் நோட்டில் ஏற்று என்று எங்கோ பார்த்து ஒரு கட்டளையும் போட்டிருந்தேன். அதனால் தினமும் கடைசி சில நிமிடங்கள்தான் விடுபட்டன. அந்த நேரத்தில் உலை காலியாக இருக்கும். காலி உலையின் கோட்டை யார் பார்க்கிறார்கள்? மாதக்கணக்கில் தப்பு நடந்தது. தப்பு யாருக்கும் தெரியாமல் இருந்ததற்குப் பெயர் அதிர்ஷ்டம். நான் அதைத் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது ஆயுத பூஜை.

பீன்யாவில் ஆயுத பூஜையை நீங்கள் பார்க்க வேண்டும். லேத்துக்கு மாலை, லாரிக்கு வாழைக்கன்று, வாசலில் உடைத்த பூசணிக்காய், அதில் வழுக்கும் செக்யூரிட்டி. அதற்கு முந்தின நாட்களில் எல்லா இயந்திரத்தையும் துடைத்துக் கழுவுவார்கள். ஜோகுபாளையத்தில் நம் அலுவலகத்திலும் பூஜை உண்டு. எங்கள் ஆயுதம் லேப்டாப். ஒரு வருடம் யாரோ பக்தியோடு கேமரா மேலேயே குங்குமம் வைத்து, ஒரு வாரம் எங்கள் வீடியோ கால்கள் எல்லாம் சூரிய அஸ்தமனமாக இருந்தன.

அந்த வருடம் எனக்கும் சுத்தம் செய்யும் ஆசை வந்தது. பெட்டிகளுக்குள்ளே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு நாள் கோப்புக்குப் பக்கத்திலும் சில சமயம் விநோதமான பெயரில் ஒன்றிரண்டு கோப்புகள். நான் உருவாக்கியவை இல்லை. குப்பை என்று முடிவு கட்டினேன். 'பெட்டி தொடங்கியதும், தாய்க் கோப்பு தவிர அந்த இடத்தில் இருக்கும் அத்தனையையும் அழி' என்று ஒரு சின்ன நிரல் எழுதினேன். பெயர் 'விளக்குமாறு'. மிகவும் ரசித்து வைத்த பெயர். பூஜையன்று காலையே பீன்யா போய், பென்டிரைவ் வழியாக ஆறு பெட்டியிலும் ஏற்றினேன். அடுத்த முறை பெட்டியை ஆன் செய்யும்போது விளக்குமாறு முதலில் ஓடும்.

அதே நாள் மதியம் கியர் வாங்கும் நிறுவனத்திலிருந்து ஆட்கள் சுற்றிப் பார்க்க வந்தார்கள். தொழிற்சாலை மேனேஜர் கிருஷ்ணப்பா சார், கன்னடக்காரர், தமிழும் நன்றாகப் பேசுவார். "வினோதினி, கெஸ்ட் முன்னாடி ஸ்வல்ப ஷோ இருக்கணும்மா" என்றார். ஷோ என்றால் நான் விடுவேனா? நாலாம் பெட்டியில் ஒரு பெரிய டிவியை இணைத்து, வெப்பக் கோடு நேரலையில் ஓடும்படி செய்தேன். பச்சைக் கோடு, கறுப்புப் பின்னணி. வந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். டிவி ஓடத் தொடங்கியபோது மணி மூன்று நாற்பது.

உலைக்குள் அன்றைய கடைசிச் சரக்கு. நாலே முக்கால் வரை அது சூட்டில் இருக்க வேண்டும். இருந்தது. ஸ்டெல்லாக்கா சரக்கை எடுத்தார், ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பச்சைப் பொத்தானை அழுத்தினார். 'சரி' என்று திரை சொன்னது. உலையையும் பெட்டியையும் மெயினிலேயே அணைத்தார்கள். துடைத்தார்கள். பொட்டு வைத்து, மாலை போட்டு, பூஜை முடித்து, பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். நானும்தான்.

மறுநாள் விடுமுறை, தரக்கட்டுப்பாட்டு அறைக்கு மட்டும் இல்லை. காலையில் கிருஷ்ணப்பா சாரின் போன்.

"வினோதினி, நாலாம் ஃபர்னஸ் கோடு மூணு நாப்பதோட நின்னு போச்சு. அப்புறம் ஒண்ணுமே இல்ல. பெட்டியில ஏதாவது பிராப்ளமா?"

கோப்பை அனுப்பச் சொன்னேன். டேட்டாபேஸில் ஒரு சோதனைக் கட்டளை உண்டு. கோப்பு எங்காவது சிதைந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும். ஓட்டினேன். 'ஓகே' என்று வந்தது. பல்கூட விளக்கவில்லை, அதற்குள் போன் போட்டேன்.

"சார், டேட்டாபேஸ் பக்காவா இருக்கு. பெட்டியில தப்பே இல்ல."

"அப்போ?"

"அப்போ... அந்த நேரத்துல யாரோ பெட்டிய அணைச்சிருக்கணும் சார்."

எவ்வளவு சுலபமாக வந்தது பாருங்கள் அந்த வாக்கியம். சோதனை சொன்னது, இருப்பது சிதையவில்லை என்று மட்டும்தான். எல்லாம் இருக்கிறது என்று அது சொல்லவே இல்லை. பாதியில் கிழித்த புத்தகத்தின் முதல் பாதியில் அச்சுப்பிழை இல்லை என்று சான்றிதழ் கொடுத்தேன்.

மத்தியானம் இம்ரான் பேசினான். அவன் சித்தப்பா அந்தத் தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுகிறார். "வினோ, பெரிய லஃபடா ஆயிடுச்சு. ஸ்டெல்லாக்கா சரக்க சீக்கிரமா வெளிய எடுத்துட்டு, அது தெரியாம இருக்க பெட்டிய ஆஃப் பண்ணிட்டாங்களாம். பூஜை நாள் ரயில்ல கூட்டம் இருக்கும்னு அவசரப்பட்டாங்களாம். திங்கக்கிழமை மீட்டிங். ஃபர்னஸ்ல இருந்து எடுத்துட்டு பேக்கிங்ல போடப்போறாங்க."

"அவங்க கூட இருந்தவங்க சொல்ல மாட்டாங்களா?"

"சொன்னாங்க. அவங்க அக்கா ஷிஃப்ட் ஆளுங்க, அப்படித்தான் சொல்லுவாங்கன்னுட்டாங்க. கியரும் நேத்து ராத்திரியே லாரி ஏறிப் போயிடுச்சு. ரிப்போர்ட்ல இன்னா எழுதியிருக்காங்க தெரியுமா? பெட்டியில எந்தத் தப்பும் இல்லன்னு கம்பெனியே உறுதி பண்ணிடுச்சுன்னு."

கம்பெனி என்றால் நான். பல் விளக்காத நான்.

ஒரு விஷயம் உறுத்தியது. மூன்று நாற்பது. அந்த நேரத்தை நான் வேறெங்கோ பார்த்திருந்தேன். போனில் நேற்று எடுத்த டிவி படங்களைப் புரட்டினேன். முதல் படம், பெருமையாகச் சிரிக்கும் என் பாதி முகம், மூலையில் நேரம்: மூன்று நாற்பத்தொன்று. அதற்குப் பின் எடுத்த படம் ஒன்றில், நாலரை மணிக்கு டிவியில் பச்சைக் கோடு ஓடிக்கொண்டிருக்கிறது. பெட்டி அணைக்கப்படவில்லை. நானே சாட்சி. ஆனால் கோடு இருக்கும் கோப்பு எங்கே?

படத்தை மட்டும் காட்டினால் போதாது என்று எனக்குத் தெரியும். திரையின் மூலையில் கொசு அளவு எண். அதை வைத்து எந்தத் தரக்கட்டுப்பாடும் கையெழுத்து வாங்காது. 'பெட்டிக்குள்ள இருக்கும் சார், நான் வந்து எடுத்துக் குடுக்கறேன்' என்று மேனேஜருக்குச் செய்தி போட்டுவிட்டு, மறுநாள் சனிக்கிழமை காலை இம்ரானோடு பீன்யா போனேன். கேட்டில் ஸ்டெல்லாக்கா நின்றுகொண்டிருந்தார். விடுமுறையில் தங்கவயலிலிருந்து கிளம்பி வந்திருக்கிறார். யார் சொன்னார்கள் என்று கேட்கவில்லை. இம்ரான் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாம்மா, கம்ப்யூட்டரம்மா. உன் பெட்டியில தப்பே இல்லியாமே."

"அக்கா, அது வந்து..."

"பதினோரு வருஷம் அடுப்புகிட்ட நிக்கிறேன். ஒரு நிமிஷம் முன்னாடி சரக்க எடுத்ததில்ல. ரயிலு போனா அடுத்த ரயிலு. கியரு உடைஞ்சா டிராக்டர் மேல இருக்கறவன் கதி? உனக்கு ஒரு போன்ல தெரிஞ்சிடுச்சா நான் இன்னா பண்ணேன்னு?"

உள்ளே போனோம். ஆறு உலைகளும் குளிர்ந்து, மாலை வாடி, தொழிற்சாலையே தூங்கும் யானை மாதிரி இருந்தது. நாலாம் பெட்டியின் நெற்றியில் பொட்டு காய்ந்திருந்தது. நான் நேராகப் போய் மெயின் சுவிட்சில் கை வைத்தேன். ஆன் செய்து, உள்ளே தேடி, கோட்டைக் கண்டுபிடித்து, ஹீரோயினாகிவிடுவது திட்டம்.

"ஏய்! கைய எடு!"

"அக்கா, இப்ப அடுப்பு கூட எரியலியே. வெறும் பெட்டி."

"வெறும் பெட்டின்னுதான் எல்லாரும் சொல்லுவீங்க. இன்னா ஓடப்போவுது, சொல்லு."

"வினோ, சொல்லிடு. நக்கோ, முடியாதுன்னா விட மாட்டாங்க" என்றான் இம்ரான்.

எரிச்சலோடு ஒப்பித்தேன். "கரெண்டு வரும். பெட்டி ஆன் ஆகும்."

"அடுத்தது?"

"அடுத்தது விளக்குமாறு ஓடும்."

"அது இன்னா?"

"சுத்தம் பண்ற நிரல்க்கா. பூஜைக்காகப் போட்டேன். அன்னிக்கான டேட்டாபேஸ் கோப்பு தவிர, பக்கத்துல இருக்கற மத்ததெல்லாம் குப்பைன்னு..."

கை இன்னும் சுவிட்சின் மேல்தான் இருந்தது.

"குப்பைன்னு இன்னா?"

"...அழிச்சிடும்."

"இன்னா குப்பை? யாரு போட்ட குப்பை?" ஸ்டெல்லாக்காவின் குரல் ஏறவில்லை, இறங்கியது. "அடுப்புக்குள்ள இருக்கறது கேஸா காத்தான்னு பாக்காமலே பத்த வைக்கிறியா?"

கையை எடுத்தேன். மெதுவாக, பாம்பின் மேலிருந்து எடுப்பது போல. அங்கேயே தரையில், காய்ந்த சாமந்திப் பூக்களுக்கு நடுவே உட்கார்ந்து, போனில் அந்தப் பழைய பக்கத்தைத் திறந்தேன். முதல் பத்தியைத் தாண்டினேன். இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ரஃப் நோட்டு, ஃபேர் நோட்டு எல்லாம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. ஆறாவது பத்தியில் என் டிவியும் இருந்தது. யாராவது படித்துக்கொண்டிருந்தால், அவர் படிக்கத் தொடங்கிய நேரத்துக்குப் பிறகு எழுதப்பட்டதை டேட்டாபேஸ் ஃபேர் நோட்டில் ஏற்றாது. அவர் முடிக்கட்டும் என்று காத்திருக்கும். என் டிவி நிரல், அதுவரையான பழைய கோட்டை வரைய ஒரு கேள்வி கேட்டது. புதுப் புள்ளிகளுக்குத் தனியாக இன்னொரு கேள்வி. முதல் கேள்வியை நான் மூடவே இல்லை. மூன்று நாற்பதுக்கு ஃபேர் நோட்டைக் கையில் வாங்கிய வாத்தியார் அப்படியே தூங்கிவிட்டார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஏற்றச் சொன்ன என் கட்டளை, ஒவ்வொரு முறையும் 'ஏற்ற முடியவில்லை' என்று பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அந்தப் பதிலை வாங்க நான் ஒரு வரி எழுதவில்லை.

ஆக, மூன்று நாற்பதிலிருந்து நாலே முக்கால் வரை ஸ்டெல்லாக்கா உலைமுன் நின்றதற்கான ஒரே சாட்சி, நான் குப்பை என்று முடிவு கட்டிய அந்தக் கோப்பில் இருந்தது. மெயினில் அணைத்ததால் அது அப்படியே கிடந்தது. சுவிட்சுக்கும் அதற்கும் நடுவே என் விளக்குமாறு.

"இப்ப இன்னா பண்ணப்போறே?" என்றார் அக்கா.

"பெட்டிய ஆன் பண்ண மாட்டேன். மூடியத் திறந்து, மெமரி கார்டை மட்டும் வெளிய எடுப்பேன். லேப்டாப்புல எதுவும் எழுத முடியாத மாதிரி போடுவேன். ரெண்டு கோப்பையும் சேர்த்து வேற இடத்துல காப்பி எடுப்பேன். அந்தக் காப்பியத்தான் திறப்பேன்."

"மறுபடி சொல்லு."

மறுபடி சொன்னேன். இம்ரான் கேட்டான். அக்கா கேட்டார். பிறகு அவரே பெட்டியின் மாலையைக் கழற்றி, பக்கத்துப் பெட்டிக்கு இரட்டை மாலையாகப் போட்டார். "ம். திற."

லேப்டாப்பில் இரண்டு கோப்புகளும் ஒன்றாக வந்து உட்கார்ந்தன. திறந்தேன். கடைசி வரியின் நேரம் கேட்டேன். ஐந்து மணிக்குச் சில நிமிடங்கள் முன்பு. கோடு வரையச் சொன்னேன். மூன்று நாற்பதைத் தாண்டிப் போனது. நான்கைத் தாண்டியது. நாலே முக்கால் வரை மேசை விளிம்பு மாதிரி நேராகப் போய், அதற்குப் பிறகே சரிந்தது. ஒரு நிமிடம்கூட முன்னால் இல்லை.

ஸ்டெல்லாக்கா திரையைத் தொடாமல், கோட்டுக்கு மேலே காற்றிலேயே விரலை ஓட்டிக்கொண்டு போனார். சரியும் இடத்தில் விரலை நிறுத்தினார். "இங்கதான் கதவத் திறந்தேன்" என்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அங்கே உலை எதுவும் எரியவில்லை.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. கிருஷ்ணப்பா சாருக்குப் போன் செய்ய வேண்டும். இம்ரான், என் மேல் உள்ள பாசத்தில், யோசனை சொன்னான்: "டெக்னிக்கல் இஷ்யூ இருந்துச்சு, சால்வ் ஆயிடுச்சுன்னு சொல்லிடு. பொய் இல்லல்ல?"

பொய் இல்லைதான். எனக்கும் பிடித்திருந்தது. நம் தொழிலில் மிகவும் வசதியான வாக்கியம் அது. அதில் ஆளே கிடையாது. போனை எடுத்து, "சார், ஒரு டெக்னிக்கல் இஷ்யூ..." என்று தொடங்கினேன்.

"இஷ்யூவுக்குப் பேரு இல்லியா?" பக்கத்திலிருந்து ஸ்டெல்லாக்கா, மெல்லத்தான் சொன்னார். "ரிப்போர்ட்டுல என் பேர மட்டும் நல்லா தெளிவா எழுதினாங்களே."

அந்த இரண்டு விநாடி என் ஐந்து வருடத்தில் நீளமான இரண்டு விநாடி. சார் பெட்டியை எடுத்துக்கொண்டு போகச் சொல்லலாம். நம் கம்பெனிக்கு அப்போது வேறு பெரிய வாடிக்கையாளர் இல்லை. எனக்கு வேலை இருக்குமா என்றும் தெரியவில்லை. எதிரே, நான் மறுபடி சுவிட்சைத் தொட்டுவிடாமல் காத்துக்கொண்டு, கையைக் கட்டியபடி ஒரு சூப்பர்வைசர்.

"சார், பெட்டிய யாரும் அணைக்கலை. தப்பு என்னோடது. வினோதினி. பாதிக் கோப்பத்தான் பென்டிரைவ்ல ஏத்தற மாதிரி எழுதினது நான். டிவி போட்டு மீதிய நிறுத்தினதும் நான். சரியா பாக்காம நேத்து போன்ல தப்பே இல்லன்னு சொன்னதும் நான்தான். முழுக் கோடு கிடைச்சிடுச்சு. ஸ்டெல்லாக்கா ஒரு நிமிஷம்கூட முன்னாடி எடுக்கலை."

"ஹௌதா?" என்றார், அப்படியா என்று கன்னடத்தில். பிறகு, "இத அப்படியே எழுதிக் குடும்மா. ஆறு பெட்டியும் சரி பண்ற வரைக்கும் ஒரு சரக்கும் உள்ள போவாது. ரெண்டு நாள் டைம்" என்றார். பெட்டியை எடுத்துப் போகச் சொல்லவில்லை.

அந்த இரண்டு நாளில் செய்தவை எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவைதான். பச்சைப் பொத்தான் இப்போது கோப்பை நகலெடுப்பதில்லை. முழுப் பிரதி எடுத்துத் தரும்படி டேட்டாபேஸையே கேட்கிறது, அதற்கென்றே அதில் வழி இருக்கிறது. எடுத்த பிறகு கடைசி வரியின் நேரத்தைப் பெரிய எழுத்தில் காட்டுகிறது. 'சரி' என்ற சொல்லைத் திரையிலிருந்தே நீக்கிவிட்டேன். திறந்த கேள்வி எல்லாம் மூடப்படுகிறது. ஃபேர் நோட்டில் ஏறியது எவ்வளவு, ஏறாதது எவ்வளவு என்ற பதிலை வாங்கிக் குறித்து வைக்கிறோம். ஒவ்வொரு மெமரி கார்டாக வெளியே எடுத்து விளக்குமாற்றை அழித்தேன். ஆறு பெட்டிகளில் எதையும் அதற்கு முன் யாரும் ஆன் செய்யவில்லை. ஸ்டெல்லாக்கா சனி, ஞாயிறு இரண்டு நாளும் மெயின் போர்டுக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். இம்ரான் வாங்கி வந்த பிரியாணியைக்கூட அங்கேயே சாப்பிட்டார்.

திங்கட்கிழமை மீட்டிங்கில் என் கடிதத்தைப் படித்தார்கள். பழைய ரிப்போர்ட்டைக் கிழிக்க வேண்டாம் என்றார் ஸ்டெல்லாக்கா. அதன் கீழேயே, என் கையெழுத்தில், என் பெயரோடு நடந்ததை எழுதச் சொன்னார். எழுதினேன். புதுக் கோட்டின் கீழே அவர் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு நாலாம் உலைக்குப் போனார், ஏனென்றால் சரக்கு காத்துக்கொண்டிருந்தது.

பெட்டி தொடங்கும்போது வரும் அந்த ஐந்து வரிகள் அதற்கு அடுத்த வாரம் நான் சேர்த்தது. 'முதலில் இது ஓடும், அடுத்து இது ஓடும், இதை எழுதுவேன், இதை அழிப்பேன், இதைத் தொடமாட்டேன்.' யாராவது படித்துப் பட்டனை அழுத்தும் வரை பெட்டி நிற்கும். வீணாகும் நேரம் அரை நிமிடம். எரிச்சலூட்டும். எனக்கே எரிச்சலூட்டும்.

எடுத்துவிடலாம், நான் தடுக்கப்போவதில்லை, நான் ஓய்வு பெற்றவள். ஆனால் ஒரு நடைமுறை இருக்கிறது. பீன்யா மெட்ரோவில் இறங்கி, நாலாம் உலைக்குப் போய், அங்கே இருக்கும் சூப்பர்வைசரிடம் எதை எடுக்கப்போகிறீர்கள், எடுத்தால் முதலில் என்ன ஓடும், அடுத்து என்ன ஓடும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் ஒருவேளை மறுபடி சொல்லு என்பார். சொல்லுங்கள். போகும்போது உள்ளே எங்காவது இருட்டாக இருந்தால், தயவுசெய்து எந்த சுவிட்சையும் தொடாதீர்கள்.